மறுமொழி: உணவக ‘பி.ஓ.எஸ்.’ஸுக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம். ஓட்டலில் ஆர்டர் எடுப்பது முதல் பில் போடுவது வரை பார்த்துக்கொள்ளும் ‘பாயின்ட் ஆஃப் சேல்’ (பி.ஓ.எஸ்.) மென்பொருளுக்கும், அதன் உள்ளே வரும் சொற்களுக்கும் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று இந்த இழையில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘விற்பனைப் புள்ளி’ என்றே வைத்துவிடலாமே, மூலத்துக்கு நேராக இருக்கிறது.

நேராகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டல்காரர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், வியாபாரத்தில் யாரோ பெரும்புள்ளி என்று நினைத்துக்கொள்வார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மெஸ் நடத்தும் என் சித்தப்பா அப்படித்தான் கேட்டார். புதுச்சேரியில் ஒரு கிளை திறக்கப் போகிறார். அதற்கு எதை வாங்குவது என்று அவரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டும், கட்டற்ற மென்பொருள் ஒன்றின் உணவகப் பகுதியைத் தமிழாக்கிக்கொண்டும் இருப்பதால்தான் இந்த இழையில் தலையிடுகிறேன்.

‘பாயின்ட்’டுக்குச் சொல்லப்பட்ட புள்ளி, முனை, இடம் மூன்றுமே ஓட்டலுக்குச் சரிவராது என்பது என் கட்சி. மளிகைக் கடையில் பொருளை எடுத்து வைப்பது, காசு கொடுப்பது எல்லாம் ஒரே இடத்தில் நடந்து முடிந்துவிடும். ஓட்டலில் ஆர்டர் மேசையில், வேலை அடுக்களையில், காசு கல்லாவில், பார்சல் வாசலில். இதில் விற்பனை நடந்த புள்ளி எது? சித்தப்பா வாங்கப் போவதும் வெறும் பில் போடும் பெட்டி இல்லை, இந்த நாலையும் கோக்கும் ஏற்பாடு. ‘விற்பனை முனையம்’ நல்ல சொல்தான், அட்டை தேய்க்கும் கருவிக்கு அது இருக்கட்டும்.

நான் முன்வைப்பது ‘கல்லா’. முழு ஏற்பாட்டுக்குக் ‘கல்லா அமைப்பு’, திரையில் பொத்தானுக்கு வெறும் ‘கல்லா’.

இந்தச் சொல்லுக்கு இழையில் ஐயா ஒருவர் ஏற்கெனவே இரண்டு தடை சொல்லியிருக்கிறார். முதலாவது, வடக்கிலிருந்து வந்த சொல் என்பது. உண்மை, இந்தியிலும் உருதுவிலும் கடைக்காரரின் பணப்பெட்டிக்கு இதே சொல்தான். ஆனால் ரசீது, வசூல், பாக்கி, ரத்து எல்லாமே அந்த வழியில் வந்தவைதானே? அவற்றை விலக்கிவிட்டு ஒரு நாள் கடை நடத்த முடியாது. இரண்டாவது தடை சுவையானது. ‘கல்லா மென்பொருள்’ என்றால் படிக்காத மென்பொருள் என்றாகிவிடுமாம்! சந்தி போட்டும் தப்பிக்க வழியில்லை. ‘கல்லாப்பெட்டி’யில் மிகுகிற அதே வல்லினம் ‘ஓடாக் குதிரை’யிலும் மிகும், ‘கல்லாக் கயவர்’ என்பதிலும் மிகும். அதனால்தான் ‘அமைப்பு’ என்று உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லைச் சேர்த்து, இடம் விட்டு எழுதச் சொல்கிறேன். மற்றபடி, ‘கல்லாவில் யார் இருக்கா?’ என்று கேட்டால் கடலூரில் யாரும் திருக்குறள் அதிகாரத்தை நினைக்கப்போவதில்லை. ‘கல்லா கட்டுவது’ என்ற பேச்சு வழக்கு கொச்சை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கடைக்காரருக்கு அதைவிட நல்ல சகுனம் உண்டா?

மேலும், காசைப் பதியும் கல்லா இயந்திரத்தின் வரலாறும் நம் பக்கம்தான். 1879இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஜேம்ஸ் ரிட்டி என்ற மதுக்கடைக்காரர், வேலையாட்கள் காசைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வதைப் பொறுக்காமல் தன் சகோதரரோடு சேர்ந்து ஓர் இயந்திரம் செய்தார். அதற்கு அவர் வைத்த பெயரில் புள்ளியும் இல்லை, முனையும் இல்லை. ‘கைசுத்தமான காசாளர்’ என்று சொல்லலாம், அந்த மாதிரிப் பெயர். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரை மனத்தில் வைத்துச் சூட்டியது.

சரி, பெயர் இருக்கட்டும். உள்ளே இருக்கும் சொற்கள்தான் எனக்குப் பெரிய தலைவலி. மேசையில் எடுத்த ஆர்டரை அடுக்களைக்குச் சொல்லும் சீட்டான ‘கேஓடி’க்கு (கிச்சன் ஆர்டர் டிக்கெட்) ‘சமையலறை ஆணைச் சீட்டு’ என்று நம் சொற்பட்டியலில் இருக்கிறது. ஆணை போட்டால் மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார். ‘அடுக்களைச் சீட்டு’ போதும். நீளத்தைப் பற்றி நான் பேசுவதற்குக் காரணம் உண்டு. பில் அச்சுப்பொறியின் 58 மி.மீ. தாள் சுருளில் அச்சு விழும் அகலம் 48 மி.மீ.தான். ஆங்கில எழுத்தே 58 மி.மீ. தாளில் வரிக்கு 32தான் விழும். நம் ‘ணை’யும் ‘ஞ’வும் இரண்டு எழுத்தின் இடத்தைக் கேட்கும்.

அதைவிட முக்கியமானது, சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான அச்சுப்பொறிகளில் தமிழ் எழுத்து உள்ளே கிடையாது. யூனிகோடில் அப்படியே அனுப்பினால் கேள்விக்குறியோ குப்பையோ வரும். மென்பொருள் சீட்டை ஒரு படமாக வரைந்து அனுப்பினால்தான் தமிழ் விழும். ஆகவே விற்க வருபவரிடம் ‘தமிழ் வருமா?’ என்று கேட்காதீர்கள், ‘வரும் சார்’ என்றுதான் சொல்வார். நம் மெனுவை அவர் எதிரிலேயே ஏற்றி, சீட்டை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். இப்படி:

மேசை 4
நெய் ரோஸ்ட் 2
– ஒன்று முறுகல்
ஆனியன் ஊத்தப்பம் 1
– பச்சை மிளகாய் வேண்டாம்

வெப்பத்தில் அச்சாகும் தாள் தோசைக்கல் பக்கத்தில் கறுத்துப் போகும் என்பதால் அடுக்களைக்கு ரிப்பன் போட்ட பழைய வகை அச்சுப்பொறியைப் பலர் சொல்கிறார்கள். அது கர்ரென்று சத்தம் போடுவதும் நல்லதுதான், புதுச் சீட்டு வந்தது மாஸ்டர் காதில் விழும். ஆனால் அதில் தமிழைப் படமாக அடித்தால் மெதுவாக வரும், ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகத் தெரியும். நான் வெப்ப அச்சுப்பொறியையே வாங்கி, அடுப்பிலிருந்து தள்ளிச் சுவரில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

மேலே உள்ள சீட்டில் ‘முறுகல்’, ‘மிளகாய் வேண்டாம்’ என்று வருகிறதே, ஆங்கிலத்தில் ‘மாடிஃபையர்’ எனப்படும் அந்த வரிகளுக்கு ‘திருத்தி’ என்றும் ‘மாற்றி’ என்றும் இரண்டு பரிந்துரைகள். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. ‘பக்குவம்’ என்ற சொல் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது வெளியே ஏன் தேட வேண்டும்? விலை ஏறாத மாற்றம் எல்லாம் பக்குவம், சீஸ், நெய் என்று காசு கூடுவது ‘கூடுதல்’. சில மென்பொருள்கள் இரண்டையும் ஒரே பட்டியலில் கொட்டிவிடுகின்றன. அவற்றில் காரம் குறைக்கச் சொன்னதும் பில்லில் பூஜ்ய ரூபாய் என்று ஒரு வரியாக வந்து நிற்கும்.

நீக்குவதிலும் இப்படி ஒரு பிரிவு வேண்டும். அடுக்களைக்குப் போகும் முன் எடுத்துவிட்டால் ‘அழி’. போன பிறகு எடுத்தால் ‘ரத்து’. ரத்துக்குக் காரணமும் செய்தவர் பெயரும் பதிவாக வேண்டும், முதலாளியின் கடவுச்சொல் இல்லாமல் நடக்கக் கூடாது. காசு ஒழுகுவது பெரும்பாலும் அந்த வழியில்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அன்றன்றைய கணக்கில் எது கைப்பிழை, எது கைவரிசை என்று பிரிக்க முடியாது.

வரி விஷயத்தில் ஒரு திருத்தம். யூனியன் பிரதேசம் என்பதால் புதுச்சேரி பில்லில் ‘யூடிஜிஎஸ்டி’ (யூனியன் பிரதேச ஜிஎஸ்டி) என்று வர வேண்டும் என ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். சொந்தச் சட்டமன்றம் உள்ளதால் அங்கே மத்திய ஜிஎஸ்டி 2.5 சதவீதம், மாநில ஜிஎஸ்டி 2.5 சதவீதம் என்று நம்மூர் மாதிரியேதான். ஆனால் ஜிஎஸ்டி பதிவு எண் தனி. கடலூர்க் கடைக்கு 33 என்று தொடங்கும், புதுச்சேரிக் கிளைக்கு 34. ஒரே கணக்கில் இரண்டு எண்ணையும் தாங்குமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். சித்தப்பா கடையில் பார் கிடையாது, பார் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. மது ஜிஎஸ்டிக்குள் வராது, அதற்கு மதிப்புக் கூட்டு வரி (வாட்). ஒரே மேசைக்கு இரண்டு வரி முறை. ஸ்விக்கி, சொமேட்டோ வழி விற்கும் சாப்பாட்டுக்கு 2022 ஜனவரி 1 முதல் வரியை அந்த நிறுவனங்களே கட்டுகின்றன, அதனால் அந்த விற்பனையைக் கல்லாக் கணக்கில் தனியாகப் பிரிக்க வசதி வேண்டும்.

> ‘ஆஃப்லைன்’ – இணைப்பறு நிலை

பகுபதமாகச் சரி, பரபரப்பில் சரியில்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த மாதிரி நாளில், எல்லாவற்றையும் தொலைதூரச் சர்வரில் மட்டும் வைக்கிற மென்பொருள் இன்வெர்ட்டர் இருந்தாலும் நெட் இல்லாமல் கையை விரித்துவிடும். கடைக் கணினியிலேயே பதிந்துகொண்டு, நெட் வந்ததும் மேலே அனுப்புவதாக இருக்க வேண்டும். அப்போது கல்லாவில் இருக்கும் பையனுக்கு நிலையின் பெயர் எதற்கு? ‘நெட் இல்லை, பில் போடலாம்’ என்று திரையில் எழுதினால் அவன் வேலையைப் பார்ப்பான்.

மறுப்பு இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இரவு கல்லா, அடுக்களைச் சீட்டு, பக்குவம், கூடுதல், அழி, ரத்து ஆறையும் மொழிக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன். ஒரே மேசைக்காரர்கள் ஆளுக்கொரு பில் கேட்பதற்கு இன்னும் சொல் அகப்படவில்லை. ‘பில்லைப் பிரி’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், யாராவது இதைவிட நல்லதாகச் சொல்லுங்கள். ‘டிப்ஸ்’ அப்படியே இருக்கட்டும், அதைத் தொட்டால் சப்ளையர்கள் சண்டைக்கு வருவார்கள்.