ஏற்காட்டுக் காபித்தூள் தொழில்: எந்தப் பதிவை முதலில் செய்வது?

அஸ்தம்பட்டி வாசகி | 2024 ஆகஸ்ட் 11

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் என் மாமனாருக்கு மூன்று ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகப் பழத்தைப் பறித்து, கூழ் நீக்கி உலர்த்தி, பார்ச்மென்டாக (மேலோடு நீக்காத கொட்டையாக) வியாபாரியிடம் போட்டுவிடுவதே வழக்கம். இந்த அறுவடையிலிருந்து ஒரு பகுதியையாவது நாங்களே வறுத்து அரைத்து, கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட்டுகளாகச் சேலத்தில் விற்க வேண்டும் என்று நினைக்கிறேன். தொழில் என் ஒருத்தியின் பெயரில்தான் இருக்கும்.

இயந்திரத்தைச் சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள வீட்டின் பின்கட்டில் வைப்பதா, நாகலூரில் ஏற்கெனவே இருக்கும் கிடங்கில் வைப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பக்கத்துக் கணினி மையத்தில் கேட்டபோது, உத்யம் என்னும் சிறுதொழில் பதிவுக்கு மட்டும் 2,500 ரூபாய் ஆகும் என்றும், அதை எடுத்துவிட்டால் வேறு எந்த லைசென்சும் தேவைப்படாது என்றும் சொன்னார்கள். இது உண்மையா? ஜிஎஸ்டி எண் வாங்கியே ஆக வேண்டுமா? ஆவணி மாதத்தில் நல்ல நாள் பார்த்து இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்க எண்ணியிருப்பதால், அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை மசாலா | 2024 ஆகஸ்ட் 11

வணக்கம் சகோதரி. கணினி மையத்தில் சொன்ன இரண்டுமே தவறு. உத்யம் பதிவுக்கு அரசுக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஆதாரையும் பான் எண்ணையும் வைத்துக்கொண்டு அரசுத் தளத்தில் நீங்களே பதிந்துவிடலாம். 2020 ஜூலை முதல் இந்த முறைதான் இருக்கிறது, புதுப்பிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் நீங்கள் ஒரு குறுந்தொழில் முனைவர் என்பதை மட்டுமே அந்தச் சான்றிதழ் காட்டும். உணவுப் பொருளைத் தயாரித்து விற்கும் அனுமதியை அது தராது.

அந்த அனுமதி உணவுப் பாதுகாப்புத் துறையிடம் இருக்கிறது. 2024 விதிப்படி, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவுச் சான்றிதழ் போதும். ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம், ஐந்து ஆண்டுகள் வரை சேர்த்தே கட்டலாம். கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2,000 கிலோ, அதாவது மாதம் 165 கிலோவுக்குச் சற்று மேல் விற்கும்வரை நீங்கள் அந்த வரம்புக்குள்தான் இருப்பீர்கள். அதைத் தாண்டும் நிலை வந்தால் மாநில உரிமத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

இங்கே என் சொந்த அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். மசாலாப் பொடி தொடங்கியபோது பதிவுகளில் ஒன்றுக்கு வீட்டு முகவரியையும் இன்னொன்றுக்குக் கடை முகவரியையும் கொடுத்தேன். மின் இணைப்போ அப்பா பெயரில் இருந்தது. எட்டு மாதத்தில் இடத்தை மாற்ற வேண்டி வந்தபோது, உணவுப் பதிவு குறிப்பிட்ட இடத்துக்கே உரியது என்பதால் அதைப் புதிதாக எடுக்க நேர்ந்தது. பழைய எண்ணும் முகவரியும் அச்சான நான்காயிரம் உறைகளை எடைக்குப் போட்டேன். உணவுப் பதிவு, மாநகராட்சித் தொழில் உரிமம், மின் இணைப்பு, பின்னாளில் ஜிஎஸ்டி என எல்லாமே ஒரு கதவிலக்கத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன. ஆகவே எந்தப் பதிவு முதலில் என்று கேட்பதற்கு முன், எந்த இடம் என்பதை முடிவு செய்யுங்கள். வீடு மாமனார் பெயரில் இருந்தால், அவரிடமிருந்து ஒரு சம்மதக் கடிதமும் சொத்து வரி ரசீதும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு மின் இணைப்பில் வறுவல் இயந்திரத்தை ஓட்டிவிடாதீர்கள். ஆய்வுக்கு வந்தால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். 12 கிலோவாட் வரை பளு உள்ள குறுந்தொழில்களுக்கென்று தனிக் கட்டண விகிதம் இருக்கிறது. அதைக் கேட்கும்போது உத்யம் சான்றிதழ் கைகொடுக்கும்.

வரவு செலவு | 2024 ஆகஸ்ட் 12

நான் கணக்கு எழுதும் பணியில் இருப்பவன். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் இந்த வரம்பு மாநிலத்துக்குள் விற்பவர்களுக்கு மட்டும்தான். பெங்களூரு பக்கத்தில்தானே இருக்கிறது என்று அங்குள்ள ஒரு கடைக்குப் பத்துக் கிலோ அனுப்பினாலும், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயமாகிவிடும். ஓசூருக்கு அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை.

வங்கிக் கடன் வாங்கும் எண்ணம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். பெண்களுக்கு நகர்ப்புறத்தில் திட்ட மதிப்பில் 25 சதவீதமும் ஊரகப் பகுதியில் 35 சதவீதமும் மானியம் உண்டு. அதாவது அஸ்தம்பட்டியா நாகலூரா என்பதைப் பொறுத்து மானியமே மாறும். இன்னொன்றை மிக அழுத்தமாகச் சொல்கிறேன்: இந்தத் திட்டம் புதிய தொழில்களுக்கு மட்டுமே உரியது. ஏற்கெனவே உற்பத்தியைத் தொடங்கிவிட்டவர் என்று தெரிந்தால் விண்ணப்பம் ஏற்கப்படாது. உத்யம் படிவத்திலும் தொழில் தொடங்கிய தேதியைக் கேட்பார்கள் என்பதால், அவசரப்பட்டு ஒரு தேதியைப் போட்டுவிட வேண்டாம். மானியத் தொகையும் உடனே கைக்கு வந்துவிடாது. மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, அதன் பிறகே கடனில் கழியும்.

நாகலூரில் புதிதாகக் கட்டடம் எழுப்புவதாக இருந்தால், ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்பதால் தனி அனுமதி பெற வேண்டும். இருக்கும் கிடங்கையே பயன்படுத்துவது நல்லது.

தராசு முத்திரை | 2024 ஆகஸ்ட் 12

உறைக்கு அச்சுக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சிக்கரி கலப்பதானால் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டின் விகிதத்தையும் உறையில் தெளிவாக அச்சிட வேண்டும். 14 இலக்க உணவுப் பதிவு எண், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், அனைத்து வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, முழு முகவரி, புகார் சொல்லத் தொலைபேசி எண், சைவ உணவுக்கான பச்சைக் குறி ஆகியவை இருக்க வேண்டும். பாக்கெட் போடுபவர் என்ற முறையில் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி 500 ரூபாய் கட்டித் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். பாக்கெட் போடத் தொடங்கியதிலிருந்து 90 நாள் அவகாசம் உண்டு. மின்தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும்.

சேர்வராயன் என்றோ ஏற்காடு என்றோ மட்டும் பெயர் வைத்து, அதற்கு வணிகச் சின்னம் கேட்டால் கிடைப்பது கடினம். ஊர்ப்பெயர் எல்லோருக்கும் பொது. தனித்தன்மையுள்ள பெயராகத் தேர்ந்துகொண்டால், உத்யம் சான்றிதழோடு இணையவழியில் விண்ணப்பிக்க 4,500 ரூபாய் கட்டணம். வெளியூர்க் கொட்டையைக் கலந்தால் உறையில் ஏற்காட்டுக் காபி என்று போடாதீர்கள் என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். அந்த மலையில் உழைப்பவர்களின் பெயர் அது.

அஸ்தம்பட்டி வாசகி | 2024 ஆகஸ்ட் 14

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசினோம். 35 சதவீதம் என்றதும் மாமனாருக்கு நாகலூர்தான் என்று தோன்றியது. ஆனால் மழைக்காலத்தில் கிடங்கின் சுவரே ஈரமாகிவிடும். வறுத்த தூள் அந்தப் பனிமூட்டத்தில் கட்டிதட்டிப் போகும். தூள் வாங்குபவர்கள் இங்கே இருக்க, இருபது கொண்டை ஊசி வளைவுகளை வாரம் மூன்று முறை ஏறி இறங்கவும் என்னால் ஆகாது. ஆகவே மானியம் குறைந்தாலும் அஸ்தம்பட்டி முகவரியே என்று முடிவு செய்துவிட்டோம். கடனுக்கு விண்ணப்பிக்கவும் விரும்புகிறேன். அப்படியானால் இயந்திரத்துக்கு இப்போது முன்பணம் கொடுக்கலாமா?

வரவு செலவு | 2024 ஆகஸ்ட் 14

கொடுக்க வேண்டாம் அம்மா. விற்பனையாளரிடம் விலை, மோட்டார் திறன், ஜிஎஸ்டி எண் எல்லாம் குறிப்பிட்ட கொட்டேஷனை மட்டும் வாங்குங்கள். விண்ணப்பத்துக்கு அது போதும். கடன் ஒப்புதலான பிறகு வங்கியே விற்பனையாளருக்கு நேராகப் பணம் செலுத்தும். அறுவடை கார்த்திகை வாக்கில்தானே தொடங்கும். அதற்குள் மின் இணைப்பு, மாநகராட்சி உரிமம் ஆகிய வேலைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மசாலா | 2024 ஆகஸ்ட் 15

உரிமத்துக்கு அஸ்தம்பட்டி மண்டல அலுவலகம்தான் உங்களுக்கு வரும். வறுக்கும்போது எழும் புகை பக்கத்து வீட்டு மாடிக்குப் போகாதபடி குழாயை உயர்த்திவிடுங்கள். இடம் பார்க்க வருபவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.