டர்பன் சாட்ஸ்வொர்த் பக்கம் மிருதங்கத்துக்கு மூட்டு (வாசிக்கும் தோல் முகம்) மாற்றத் தெரிந்தவர் வேண்டும்

வணக்கம். செப்டம்பர் 24, தென்னாப்பிரிக்கப் பாரம்பரிய தினத்தன்று சாட்ஸ்வொர்த் கோயில் மண்டபத்தில் எங்கள் பிள்ளைகள் தெருக்கூத்து ஆடுகிறார்கள். இன்னும் 12 நாள்தான். இருக்கிற ஒரே மிருதங்கம் கைவிட்டுவிட்டது.

24 அங்குலம், பலாக்கட்டை, தாத்தா வாசித்தது. போன சனிக்கிழமை ஒத்திகையில் வலந்தலைக் கரணை, அதாவது வலப்பக்கத் தோலின் நடுவிலுள்ள கருப்புப் பூச்சு, வெடித்தது. தட்டத் தட்டக் கரும்பொடி விரலில் ஒட்டுகிறது, நாதமே இல்லை, வெறும் இரைச்சல். தொப்பிப் பக்கம் (இடப்பக்கத் தோல்) பழுதில்லை. ரவை அப்பினால் கும்மென்று பேசுகிறது.

வாரை இழுத்துக் கட்டினேன். கல்லால் தட்டிச் சுருதி கூட்டினேன், விரிசல்தான் அகன்றது. டர்பன் கடைகளில் தோல் வேலை செய்வதில்லை என்கிறார்கள். சென்னையிலிருந்து வரவழைக்க நாள் போதாது. பதிவு செய்த தாளத்தைப் போடலாம் என்றார்கள், மனம் ஒப்பவில்லை. ஆடுபவர் காலைப் பார்த்துத்தானே அடி விழ வேண்டும்?

டர்பன், பீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் மூட்டு மாற்றித் தரவோ, ஒரு வாரம் மிருதங்கம் இரவல் தரவோ யாராவது இருக்கிறீர்களா?