தண்டுவட அறுவைக்குப் பிறகு நாய் தேறி வருவதை மறுபடியும் எடுக்கும் எம்.ஆர்.ஐ. காட்டுமா?

தோப்புவீடு, கொழிஞ்சாம்பாறை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு டாஷண்ட் நாய் சின்னுவுக்கு ஆறு வயது. ஏழு வாரங்களுக்கு முன்பு ஒரு விடியற்காலையில் திண்ணையிலிருந்து கீழே குதித்தவன், ஒரே ஒரு முறை வீறிட்டுவிட்டு, பின்னங்கால்கள் இரண்டையும் இழுத்துக்கொண்டு தொழுவம் வரை ஊர்ந்து வந்தான். வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, கடைசி மார்பு முள்ளெலும்புக்கும் முதல் இடுப்பு முள்ளெலும்புக்கும் இடையில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் கிழிந்து, அதன் உள்ளீடு வெளியே வந்து தண்டுவடத்தை நெருக்குவது தெரிந்தது. அன்று மாலையே அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன் மருத்துவர் கால்விரலை இடுக்கியால் அழுத்தியபோது சின்னு தலையைத் திருப்பி அவர் கையைப் பார்த்தான். அது நல்ல அறிகுறி என்று சொன்னார்கள்.

இப்போது எழுந்து நடக்கிறான். ஆனால் இடுப்பு ஆடுகிறது, இடது பின்னங்கால் மடங்கிப்போய் மேல்பாதம் தரையில் தேய்கிறது. முதல் ஸ்கேன் படத்தில் தண்டுவடத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு கீற்று இருந்தது. அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காத நாளே இல்லை. அந்த வெள்ளை மறைந்தால்தான் அவன் குணமானான் என்று பொருளா? மாதம் ஒரு முறை ஸ்கேன் எடுத்தால் முன்னேற்றத்தை அளந்துகொண்டே போகலாம் என்று ஸ்கேன் மையம் ஒன்றில் சொன்னார்கள். ஒரு ஸ்கேனுக்கு எங்கள் வீட்டின் நான்கு மாதப் பால் பணம் செலவாகும். அவனுக்கு அது உதவும் என்றால் மாட்டை விற்றாவது எடுப்பேன். அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

எல்லையோர மருத்துவர்:

அம்மா, நான் முப்பது ஆண்டுகள் கால்நடை மருத்துவனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்ற தெளிவு இல்லாமல்தான் பல குடும்பங்கள் பணத்தையும் நிம்மதியையும் இழக்கின்றன.

எக்ஸ்ரே முக்கியமாக எலும்பைத்தான் காட்டும். தண்டுவடம் அதில் தெரியாது. சி.டி. ஸ்கேன் சுண்ணாம்பு படிந்த டிஸ்க்கைக் காட்டும். தண்டுவடத்தின் உள்ளே என்ன நேர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஒன்றுதான். நீங்கள் பார்க்கும் படம் பெரும்பாலும் டி2 என்ற வகையாக இருக்கும். அதில் நீர் மிகுந்த இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும். அடிபட்ட சில நாட்களில் வீக்கத்தால் வெள்ளை வரும். மாதங்கள் கழிந்த பிறகு, அழிந்த நரம்புத்திசு இருந்த இடத்தில் தழும்பும் நீர்க்குழியும் உண்டானாலும் அதே வெள்ளை வரும். ஆகவே உங்கள் சின்னு நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு எடுக்கும் படத்திலும் அந்தக் கீற்று இருக்கக்கூடும். அதைக் கண்டு நீங்கள் மனம் உடைய வேண்டியதில்லை. தண்டுவடத்தின் நரம்பிழைகளில் ஒரு சிறு பங்கு பிழைத்திருந்தாலே நாயால் நடக்க முடியும்.

முதல் படத்தில் இருந்த வெள்ளைக்கு வேறொரு மதிப்பு உண்டு. அதன் நீளத்தை இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் நீளத்தோடு ஒப்பிட்டு அளப்பார்கள். நாய் பெரியதோ சிறியதோ, அதன் சொந்த எலும்பையே அளவுகோலாகக் கொள்வதால் கணக்கு பிசகாது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், டி2 படத்தில் வெள்ளையே இல்லாத நாய்கள் எல்லாம் நடந்தன. வெள்ளை இருந்தவற்றில் பாதிக்குச் சற்று மேற்பட்டவையே நன்றாகத் தேறின. அதன்பின் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவுக்கு உறுதியாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்றைக்கும் நான் முதலில் நம்புவது ஆழ்வலி உணர்வைத்தான். உங்கள் மருத்துவர் விரலை அழுத்திப் பார்த்தாரே, அந்தச் சோதனை. காலை உதறி இழுப்பது வெறும் அனிச்சைச் செயலாக இருக்கலாம். தலையைத் திருப்பிப் பார்ப்பதும், கத்துவதும், கடிக்க வருவதும்தான் வலி மூளை வரை போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சான்று. அந்த உணர்வு இருக்கும்போதே அறுவை செய்த டிஸ்க் நோயாளிகளில் பத்தில் எட்டு ஒன்பது நாய்கள் மறுபடி நடக்கின்றன. அது போய்விட்டால் ஏறக்குறைய பாதிதான். முள்ளெலும்பே முறிந்து, உணர்வும் போயிருந்தால் நிலைமை மிகக் கடினம்.

மறு ஸ்கேன் எப்போது வேண்டும்? நடந்துகொண்டிருந்த நாய் திடீரென்று பின்வாங்கினால், முதுகில் புதிதாக வலி கண்டால், அறுவைக்குப் பின் எதிர்பார்த்த முன்னேற்றம் வராமல் அப்படியே நின்றுபோனால் எடுக்கலாம். டிஸ்க் பொருள் இன்னும் மிச்சம் இருக்கிறதா, வேறொரு டிஸ்க் வெடித்ததா என்று பார்த்து, மறுபடி கத்தி வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அது உதவும். நாய் ஒரு கணமும் அசையக் கூடாது என்பதால் ஒவ்வொரு முறையும் முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும். வாரத்துக்கு வாரம் தேறி வருகிற நாய்க்கு மாதந்தோறும் மயக்கம் கொடுக்க நான் ஒப்ப மாட்டேன்.

வாளையாறு ரோடு:

சகோதரி, என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இருந்தது சிப்பிப்பாறை நாய். நெடுஞ்சாலையில் லாரி இடித்து முள்ளெலும்பு முறிந்து, எஃகுத் தகடும் திருகாணிகளும் வைத்து நிறுத்தினார்கள். நான்கு மாதம் கழித்து, தண்டுவடம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் கடன் வாங்கி எம்.ஆர்.ஐ. எடுத்தேன். தகடு இருக்கிறது என்று சொல்லியும், அதனால் படம் கெடும் என்று அங்கே ஒருவரும் முன்கூட்டியே எச்சரிக்கவில்லை. நாங்கள் பார்க்க விரும்பிய இடம் முழுவதும் கருங்குழியாகவும், அதைச் சுற்றிலும் நெளிந்த கோடுகளாகவும் வந்தது. எஃகைவிட டைட்டேனியம் படத்தைக் குறைவாகக் கெடுக்கும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சின்னுவுக்கு டிஸ்க் அறுவைதான் என்பதால் உலோகம் வைத்திருக்க மாட்டார்கள், ஆனாலும் அறுவைக் குறிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எனக்குக் கைகொடுத்தது எங்கள் வாசல்தான். காலையில் சாணம் தெளித்துப் பெருக்கி, ஈரம் சற்று உலர்ந்ததும் அவனை வேலி வரை நடத்திக் கூட்டிப் போவேன். பாதம் சரியாக ஊன்றிய இடத்தில் நான்கு விரலும் நடுத்திண்டும் பதியும். இழுத்த இடத்தில் நகம் கீறிய இரட்டைக் கோடு விழும். முதல் வாரம் வேலி வரை முழுக்கக் கோடுகளாகவே இருந்தது. ஒவ்வொரு நாளும் பத்து அடிக்கு எத்தனை கீறல் என்று எண்ணி நாட்காட்டியில் எழுதினேன். பின்னங்கால் நகங்களையும் பாருங்கள். நடுவிரல் இரண்டும் தேய்ந்து மழுங்கியிருந்தால் இழுப்பு இன்னும் தீரவில்லை.

கோவை டெக்னீஷியன்:

நான் மனிதர்களுக்கான எம்.ஆர்.ஐ. அறையில் பணிபுரிகிறேன். மேலே மருத்துவர் ஐயா சொன்னதோடு கருவியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். டாஷண்டின் தண்டுவடம் நம் சுண்டுவிரல் பருமன்கூட இராது. அதை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுகளாகப் படம் எடுக்கும்போது, துண்டு ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாலே வெள்ளை கூடியது போலவோ குறைந்தது போலவோ தோன்றும். இரண்டு படங்களை ஒப்பிட வேண்டும் என்றால் அதே கருவி, அதே காந்தவலிமை, அதே அமைப்புகள், நாயைப் படுக்க வைத்த அதே நிலை எல்லாம் பொருந்தியிருக்க வேண்டும். ஓரிடத்தில் 0.3 டெஸ்லா காந்தவலிமையில் எடுத்ததையும் வேறோரிடத்தில் 1.5 டெஸ்லாவில் எடுத்ததையும் ஜன்னலில் அடுத்தடுத்துப் பிடித்துப் பார்த்து முடிவு சொல்வது சரியாகாது. ஃபிலிமோடு நிற்காமல், கணினியில் திறக்கும் மூலக் கோப்புகளைக் குறுவட்டில் கேட்டு வாங்கி வையுங்கள். பிற்பாடு எந்த மருத்துவரிடம் போனாலும் அவர் அளந்து பார்க்க அதுதான் வேண்டும்.

நரம்பிழைகளையே பின்தொடர்ந்து காட்டும் டி.டி.ஐ. என்ற முறையும் உண்டு. இழைகள் நலமாக இருக்கும் இடத்தில் நீர் மூலக்கூறுகள் இழையின் போக்கில் எளிதாகவும் குறுக்கே அரிதாகவும் பரவும். இழை அறுந்த இடத்தில் எல்லாப் பக்கமும் சிதறும். அந்த ஒழுங்கை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகக் கணிக்கிறார்கள். நாய்களில் இதை ஆய்வுகளில் பயன்படுத்துகிறார்கள். சாதாரணப் படம் காட்டாததை ஒருநாள் இது காட்டும் என்று நான் மனமார நம்புகிறேன். ஆனால் மூச்சின் அசைவே அந்த எண்ணைக் கெடுத்துவிடும் என்பதால், ஒரு தனி நாயின் சிகிச்சையை இதை வைத்து முடிவு செய்யும் காலம் இன்னும் வரவில்லை.

எல்லையோர மருத்துவர்:

டெக்னீஷியன் தம்பி சொன்னது மிகச் சரி. ஆய்வாளர்களே தேறுதலை எதைக்கொண்டு அளந்தார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தண்டுவடம் கடுமையாகச் சேதமுற்ற 34 வளர்ப்பு நாய்களில் ஒரு பகுதிக்கு அவற்றின் மூக்கின் உட்சவ்விலிருந்தே எடுத்து வளர்த்த உயிரணுக்களைச் செலுத்தினார்கள். பலன் வந்ததா என்பதை முதன்மையாக அவர்கள் அளந்தது, ஓடும் பட்டையின் மேல் நடக்கவிட்டு, முன்னங்காலும் பின்னங்காலும் எவ்வளவு இசைந்து இயங்குகின்றன என்பதை வைத்துத்தான். அந்த இசைவு கூடியது. மூளைக்கும் பின்னங்காலுக்கும் இடையிலான தொடர்பு மீண்டதாகத் தெரியவில்லை. ஆழ்வலி உணர்வு இல்லாமலே சில நாய்கள் அனிச்சையாக நடக்கப் பழகுவதும் இந்த வகைதான். அவை நடக்கும், ஆனால் சிறுநீரை அடக்கத் தெரியாது. ஆகவே நடையை மட்டும் பார்க்காமல் சிறுநீரையும் கவனிக்க வேண்டும்.

கட்டற்ற நடையை 0 முதல் 14 வரை மதிப்பிடும் ஒரு முறை இருக்கிறது. வீட்டில் அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. வாரம் ஒரு முறை, ஒரே இடத்தில், வழுக்காத தரையில், பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒரு நிமிடம் கைபேசியில் படம் பிடியுங்கள். டைல்ஸ் தரை வேண்டாம். அதில் நலமான நாயே தடுமாறும். அம்மா, சின்னு சிறுநீரைத் தானாகக் கழிக்கிறானா?

தோப்புவீடு, கொழிஞ்சாம்பாறை:

மருத்துவர் ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். மாதாந்தர ஸ்கேன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அந்தப் பணத்தில் வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகிறோம். முதல் ஸ்கேனின் குறுவட்டையும் கேட்டு வாங்கிவிட்டேன்.

இன்று காலை வாசலில் நடத்திப் பார்த்தேன். தென்னைமரத்திலிருந்து கிணற்றடி வரை இடது காலில் பதினொரு கீறல், வலது காலில் ஒன்று. சிறுநீரைப் பொறுத்தவரை, முதல் இரண்டு வாரம் நாளுக்கு நான்கு முறை அடிவயிற்றை இரு கைகளாலும் மெல்ல அழுத்தி நாங்களே வெளியேற்றினோம். பை நிரம்பியிருக்கும்போது நீர் அடைத்த பலூன் போலக் கைக்குத் தட்டுப்படும். இப்போது வேலியோரம் போய்த் தானாகவே கழிக்கிறான். ஆனால் மூன்று நாட்களாக வாடை கடுமையாக இருக்கிறது, நிறமும் கலங்கியிருக்கிறது.

எல்லையோர மருத்துவர்:

தானாகவே வேலியோரம் போய்க் கழிப்பது எனக்கு எந்தப் படத்தைவிடவும் பெரிய செய்தி. கலங்கலும் வாடையும் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். இத்தகைய நாய்களுக்கு அது அடிக்கடி வரும், காய்ச்சலோ வலியோ இல்லாமலும் இருக்கும். நாளைக் காலை முதல் சிறுநீரைச் சுத்தமான குப்பியில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் அருகில் உள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குத் தேவை என்றால் அவர்களே ஊசியால் பையிலிருந்து நேராக எடுத்துக்கொள்வார்கள். அதன் முடிவு வரும்முன் கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.