கடன் வாங்கியவர் கண்டித்த கதை

மீனா: அத்தை, ரோத், ஸ்வைக் என்ற இரண்டு யூத எழுத்தாளர்களின் கடிதக் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். யார் யாருக்குக் கடன்?

வாசுகி அத்தை: கடன் வாங்கியவர் யோசெஃப் ரோத். ஹிட்லர் பதவியேற்ற அன்றே, 1933 ஜனவரி 30, பெர்லினிலிருந்து பாரிஸுக்கு ரயிலேறியவர். அப்புறம் ஓட்டல் அறைதான் வீடு, காபிக் கடை மேசைதான் எழுதும் இடம்.

வாசுகி அத்தை: ஸ்டெஃபான் ஸ்வைக் அப்போது ஆஸ்திரியாவில், சால்ஸ்பர்க்கில் சொந்த வீட்டில் இருந்தார். பல மொழிகளில் புத்தகம் விற்கிறது. கேட்கும்போதெல்லாம் பணம் அனுப்பினார்.

தினேஷ்: அப்படியானால் ரோத் கொஞ்சம் அடக்கி வாசித்திருப்பாரே?

வாசுகி அத்தை: அதுதான் இல்லை. பிப்ரவரியிலேயே எழுதிவிட்டார்: இது புதுப் போரில்தான் போய் முடியும், உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள், நரகம் ஆட்சிக்கு வந்துவிட்டது என்று. ஹிட்லர் வந்து சில வாரம்கூட ஆகவில்லை!

சண்முகம் மாமா: குடிகாரர் பேச்சு என்று ஒதுக்கியிருப்பார்கள்.

வாசுகி அத்தை: குடித்தது உண்மைதான். ஸ்வைக் விடச் சொல்லிக் கெஞ்சினார். மது ஆயுளைக் குறைக்கும், ஆனால் உடனே சாகவிடாது என்பது ரோத்தின் பதில் 🙄

மீனா: சரி, சண்டை எதனால்?

வாசுகி அத்தை: 1933 மே மாதம் நாஜிகள் எரித்த புத்தகங்களில் ஸ்வைக்குடையதும் உண்டு. அதற்குப் பிறகும் ஜெர்மனியில், லைப்சிக்கில் இருந்த தன் பதிப்பகத்தை விட அவருக்கு மனம் வரவில்லை. நாடுவிட்டுப் போனவர்களுக்காக எழுத்தாளர் கிளாவுஸ் மான் ஆம்ஸ்டர்டாமில் நடத்திய பத்திரிகையோடு தனக்குச் சம்பந்தமில்லை என்று பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அது வெளியே வந்துவிட்டது. ரோத் கொதித்துப்போய், ஒன்று அந்த ஆட்சியோடு முறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் என்னோடு முறித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார்.

தினேஷ்: கையேந்திக்கொண்டே இந்த அதட்டலா 😄

சண்முகம் மாமா: நான் ஸ்வைக் கட்சி. எழுதுகிற மொழி அங்கே, வாசகர்கள் அங்கே. ஒரே நாளில் அறுத்துக்கொள்ள முடியுமா?

வாசுகி அத்தை: நீங்கள் வேறென்ன சொல்வீர்கள்! 1934 பிப்ரவரியில் சால்ஸ்பர்க் வீட்டுக்குள்ளேயே போலீஸ் சோதனை போட வந்தது. உடனே லண்டன் கிளம்பினாரே, அது ஒரே நாளில் அறுத்துக்கொண்டது இல்லையா?

மீனா: அப்புறம் முகம் பார்க்கவே இல்லையா?

வாசுகி அத்தை: பார்க்காமல் என்ன. 1936 கோடையில் இருவரும் பெல்ஜியத்தில், ஓஸ்டெண்ட் கடற்கரையில். ரோத்தைத் தையல்காரரிடம் கூட்டிப்போய்ப் புதுக் கால்சட்டை எடுத்துக் கொடுத்தார் ஸ்வைக். மறுநாள் ரோத் கலர் கலராக மது வரவழைத்துத் தன் பழைய கோட்டின் மேல் ஊற்றச் சொன்னாராம். கேட்டால், இது ஸ்வைக்குக்குத் தண்டனை, பணக்காரர்கள் கால்சட்டை வாங்கித் தருவார்கள், கோட்டை மறந்துவிடுவார்கள் என்றாராம். உடனிருந்த நண்பர் சொன்ன கதை.

தினேஷ்: 😂😂 மனுஷன்!

வாசுகி அத்தை: சிரிப்பு அங்கேயே முடிந்தது. 1939 மே மாதம் ரோத் பாரிஸில் இறந்தார், வயது 44. 1942 பிப்ரவரியில் பிரேசிலில் ஸ்வைக் மனைவியோடு உயிரை மாய்த்துக்கொண்டார்.

மீனா: ஸ்வைக் எழுதிய பதில்களும் இருக்கின்றனவா?

வாசுகி அத்தை: இருக்கின்றன. ஆனால் கிடைத்தவற்றில் பெரும்பகுதி ரோத் எழுதியவைதான்.

சண்முகம் மாமா: அப்புறம் என் கட்சி எப்படி ஜெயிக்கும்?