கொம்பு எழுத்து நிறைய வரும் படக்கதை எது?
ஒன்றாம் வகுப்புக்குப் படக்கதைகள் தேடுகிறோம். பக்கத்துக்கு ஒரே வரி, 4 சொல்லுக்குள்.

படத்தைப் பார்த்தே பிள்ளைகள் ஒப்பித்துவிடுகிறார்கள். படத்தைக் கையால் மறைத்தால் வாய் நின்றுவிடும். அதனால் முதல் நாள் படத்தைப் பற்றிப் பேச்சு மட்டும், மறுநாள் விரல் வைத்து வாசிப்பு, அப்புறம் வரியைச் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்து அடுக்கச் சொல்கிறோம். வாசிப்பு தேறிவிட்டது.

எழுதும்போதுதான் கொம்பு குத்துகிறது! 'மேகம்' என்றால் முதலில் 'ம', பிறகு கொம்பு. கடைசியில் 'மகேம்' ஆகிவிடுகிறது. காதில் மெய் முந்தி, கண்ணில் கொம்பு முந்தி. கோழி, தோடு இன்னும் மோசம், இரண்டு பக்கமும் குறி.

இப்படிச் சொற்கள் திரும்பத் திரும்ப வரும் புத்தகம் தெரிந்தால் பெயர், விலை சொல்லுங்கள். 16 பக்கம் போதும். நீதிக்கதை வேண்டாம், ப்ளீஸ்.