‘கடத்தல்’ அன்று, ‘உணர்த்தல்’: டி-செல் ஏற்பியை முன்வைத்து ஒரு பரிந்துரை

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

சவ்வுப்புரதங்கள் வெளிச்செய்தியைச் செல்லுக்குள் சேர்க்கும் வினையைச் ‘சமிக்ஞை கடத்தல்’ (signal transduction) என்று எழுதிவருகிறோம். வடசொல் கலந்திருப்பது எனக்குக் குறையாகப் படவில்லை, ‘கடத்தல்’தான் இடறுகிறது. (செய்தித்தாள் வாசகருக்குத் தங்கம் நினைவுக்கு வரும் என்பதை விட்டுவிடுவோம்.) செம்புக் கம்பியின் ஒரு முனையில் புகும் மின்னோட்டமே மறுமுனையில் வெளிவருவதால் அதைக் கடத்தி என்கிறோம். நோயெதிர்ப்பு வெள்ளணுவான டி-செல்லின் சவ்வில் உள்ள ஏற்பியில் நடப்பது அதுவன்று.

அந்த ஏற்பியின் ஆல்ஃபா, பீட்டா இழைகள், மற்றொரு செல் தன் மேற்பரப்பிலுள்ள எம்எச்சி (MHC) என்னும் தாங்கு மூலக்கூறில் ஏந்திக் காட்டும் பெப்டைடை, அதாவது புரதத் துணுக்கை, இனங்காண்கின்றன. ஆனால் சவ்வுக்கு உட்புறம் அவற்றுக்கு இருப்பது சில அமினோ அமிலங்களே கொண்ட குட்டை வால் என்பதால், கண்டதை உள்ளே சொல்ல அவற்றால் இயலாது. சொல்லும் பொறுப்பு, ஒட்டி நிற்கும் சிடி3 தொகுதியின் காமா, டெல்டா, எப்சிலான், சீட்டா இழைகளுடையது. அவற்றின் உள்வால்களில் ஐடாம் (ITAM) எனப்படும் அமினோ அமிலத் தொடர்கள் மொத்தம் 10. ஒவ்வொன்றிலும் டைரோசின் என்னும் அமினோ அமிலம் இரண்டு. வெளியே பிணைப்பு நேர்ந்ததும் எல்சிகே நொதி அந்த டைரோசின்களில் பாஸ்பேட்டை ஏற்ற, சாப்-70 (ZAP-70) என்னும் மற்றொரு நொதி வந்து அங்கே பற்றிக்கொள்கிறது. பெப்டைடு கடைசிவரை வெளியிலேதான் நிற்கிறது. உள்ளே பிறப்பது வேறொரு வேதிக்குறி.

தான் உணர்வது ஒன்று, பிறர்க்கு உணர்த்துவது மற்றொன்று என்ற இந்தப் பிரிவினைக்குத் தமிழில் தன்வினை, பிறவினை இணை ஆயத்தமாகவே இருக்கிறது. ஆல்ஃபா, பீட்டா இழைகள் உணரி, சிடி3 உணர்த்தி, நிகழும் வினை ‘குறியுணர்த்தல்’. ‘உணரி’ பொறியியலில் ஏற்கெனவே புழங்குகிறது. ‘கடத்து, கடத்தி’ போலவே ‘உணர்த்து, உணர்த்தி’யும் அமைகிறது. 1993இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுக்கழகத்தில் செலிக் எஷ்ஹார் குழுவினர், எதிர்ப்பொருளின் (antibody) இனங்காணும் துண்டைச் சீட்டா இழையோடு பிணைத்து டி-செல்லில் பொருத்திய ஆய்வை, ‘அயல் உணரியை உணர்த்தியோடு இணைத்தனர்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

ஒரு தடை உண்டு. டோல் ஏற்பி 5 (TLR5) என்னும் மற்றொரு சவ்வுப்புரதம், பாக்டீரியக் கசையிழையின் புரதத்தைத் தானே உணர்ந்து தன் உள்வாலாலேயே உணர்த்துகிறது. இரண்டும் ஒரே இழையில் அமையும் அத்தகையவற்றை வழக்கம்போல் ‘ஏற்பி’ என்றே வைத்துக்கொள்ளலாம். பிரிந்து நிற்கும் இடத்தில் மட்டும் பிரித்துப் பெயரிட்டால் போதும்.

‘கடத்தல்’ என்ற சொல்லையும் கைவிட வேண்டியதில்லை. இதே டி-செல்லின் சவ்வில் ஓராய்1 என்னும் வாயிற்புரதம் கால்சியத்தை உள்ளே விடுகிறது. அங்கே அயனி உண்மையாகவே சவ்வைக் கடக்கிறது.