கனடாவில் லாரி ஓட்டும் மைத்துனர் முதலாளி மீது முறையிட வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஒரே முதலாளியிடம் மட்டும் வேலை செய்ய அனுமதிக்கும் ஒர்க் பெர்மிட்டில் கனடாவில் நெடுந்தூர லாரி ஓட்டும் என் மைத்துனருக்காக இதை எழுதுகிறேன். சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரத்துக்கு நிறுவனம் கூலி தருவதில்லை. ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்ற விதியை மீறச் சொல்கிறது. மறுத்தால் பெர்மிட்டைச் சொல்லி மிரட்டுகிறது. சம்பளச் சீட்டில் 'பிடித்தம்' என்பதற்கு எதிரே தொகை மட்டும் இருக்கிறது, எதற்கென்ற விவரம் இல்லை.

மாகாண எல்லை தாண்டி லாரி ஓட்டும் நிறுவனங்கள் மத்தியத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருவதால், தராத சம்பளத்தைப் பற்றி, அது தரப்பட வேண்டிய நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் மத்தியத் தொழிலாளர் துறையிடம் முறையிட வேண்டும் என்று அறிந்தேன். துன்புறுத்தலுக்கு ஆளாகும் இத்தகைய தொழிலாளர்கள், எந்த முதலாளியிடமும் வேலை செய்ய அனுமதிக்கும் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும் வழியும் 2019 முதல் இருக்கிறது. வேலை போனவுடனே நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அவர் அஞ்சுகிறார். வேலை இழப்பு மட்டுமே பெர்மிட்டை ரத்து செய்துவிடாது என்று எவ்வளவு சொல்லியும் அவருக்கு உறக்கம் வரவில்லை, அதுதான் எங்களை மிகவும் வருத்துகிறது.

எந்த முதலாளியிடமும் வேலை செய்ய அனுமதிக்கும் அந்தப் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா? மேலாளரின் வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும், லாரியின் மின்னணுப் பயணப் பதிவின் படங்களையும் சான்றாக ஏற்றார்களா? பெர்மிட் கைக்கு வந்தபின் சம்பளப் புகாரைக் கொடுப்பது நல்லதா, இரண்டையும் ஒன்றாகவே தொடங்கலாமா? தமிழில் பேசி உதவும் இலவசச் சட்ட உதவி மையம் தெரிந்தாலும் சொல்லுங்கள். வெளிப்படையாக எழுதத் தயங்குபவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்பலாம்.